எல்லா வாத்தியமும் ஒரே நேரத்தில் முழங்கினால்: ஆக்‌ஷன் படங்களின் ஆர்கெஸ்ட்ரா இசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1968இல் வெளியான 'புல்லிட்' படத்தில், சான் ஃபிரான்சிஸ்கோவின் ஏற்ற இறக்கமான தெருக்களில் ஒரு கார் துரத்தல் வருகிறது. தொடக்கத்தில் இரண்டு கார்களும் மெல்ல ஊர்ந்து ஒன்றையொன்று நோட்டமிடுகின்றன. லாலோ ஷிஃப்ரினின் இசை கூடவே வந்து பதற்றத்தைப் படிப்படியாக ஏற்றுகிறது. டாட்ஜ் காரை ஓட்டுபவன் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இசை நின்றுவிடுகிறது. அதன்பின் துரத்தல் முடியும்வரை என்ஜின் உறுமலும் டயர்களின் கிறீச்சிடலும் மட்டும்தான். அந்த இடத்தில் இசை வேண்டாம் என்று சொன்னவர் ஷிஃப்ரினேதான்.

ஆக்‌ஷன் காட்சிக்கு ஆர்கெஸ்ட்ரா இசை எழுத வருகிற இளைஞர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இந்தக் காட்சியைத்தான். காட்சி பரபரப்பாக இருந்தால் இசையும் ஓயாமல் பரபரக்க வேண்டும் என்று அவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். அவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு நம்பிக்கையிலிருந்து முளைக்கின்றன.

தனியாகக் கேட்கும்போது மெய்சிலிர்க்க வைத்த இசை, வசனத்தையும் ஓசைகளையும் இசையையும் ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங் அறையில் காணாமல் போய்விட்டது என்று வருந்தாத இசையமைப்பாளர் இருக்க முடியாது. காரணம் எளிமையானது. கார் என்ஜின் உறுமுவது செல்லோவும் டிரம்போனும் வாழ்கிற அதே கீழ் ஸ்தாயியில். குண்டு வெடித்தால் பாஸ் டிரம்மையும் டபுள் பேஸையும் அது விழுங்கிவிடும். கண்ணாடி நொறுங்கினால் சிம்பல் காதில் விழாது. ஓசையும் இசையும் மோதும்போது மிக்ஸிங் செய்பவர் இசையைத்தான் குறைப்பார். திரையில் கண்ணாடி உடைவது தெரியும்போது அதன் ஓசையைக் குறைக்க முடியாது அல்லவா? ஆகவே எழுத உட்காருவதற்கு முன்பே, இந்தக் காட்சியில் என்னென்ன ஓசைகள் வரப்போகின்றன என்று ஒலி வடிவமைப்பாளரிடம் கேட்டு ஒரு பட்டியல் போட்டுக்கொள்ள வேண்டும். ஹெலிகாப்டர் இரையும் காட்சியா? கீழ் ஸ்தாயியை அதற்கே விட்டுக்கொடுத்துவிட்டு, மேலே வயலின்களுக்கும் டிரம்பெட்டுக்கும் எழுதுங்கள். விசிறி சற்று அடங்கும் இடம் பார்த்து டிரம்போன்களை நுழையுங்கள். 1959இல் வந்த 'நார்த் பை நார்த்வெஸ்ட்' படத்தில், வெட்டவெளியில் ஒரு மனிதனைச் சிறு விமானம் விரட்டும் நீண்ட காட்சி முழுவதும் இசை கிடையாது. விமானம் லாரியில் மோதி வெடித்த பிறகுதான் பெர்னார்ட் ஹெர்மனின் ஆர்கெஸ்ட்ரா எழுகிறது. அத்தனை நேரம் காத்திருந்ததால்தான் அந்த எழுச்சி அவ்வளவு பலமாக ஒலிக்கிறது.

இதோடு ஒட்டியது இன்னொரு தவறு: முதல் ரீலிலேயே கையிருப்பு முழுவதையும் செலவழித்துவிடுவது. நாயகன் நடந்து வருவதற்கே நான்கு ஹார்னும் மூன்று டிரம்பெட்டும் முழங்கிவிட்டால், இறுதிச் சண்டைக்கு எதை எடுத்துத் தருவீர்கள்? 1988இல் வந்த 'டை ஹார்ட்' படத்துக்கு மைக்கேல் கேமன் எழுதிய இசையைக் கேளுங்கள். அதன் பெரும்பகுதி பதுங்கி நகர்கிறது. தந்தி வாத்தியங்களை வில்லால் இழுக்காமல் விரலால் சுண்டுகிறார்கள், கிறிஸ்துமஸ் மணிகள் லேசாகக் கிலுங்குகின்றன. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியின் புகழ்பெற்ற மெட்டு படத்தில் துண்டு துண்டாகத் தலைகாட்டுகிறது. கொள்ளையர்கள் காத்திருந்த பெட்டகக் கதவு திறக்கும்போதுதான் அது முழு வீச்சில் வருகிறது. திருடர்களின் வெற்றிக்கு நாமும் ஒரு கணம் மகிழ்ந்துவிடுகிறோம்.

அதே படத்தின் முடிவில் வேறொரு பாடமும் இருக்கிறது. படத்தொகுப்பு நடக்கும்போது, இசை தயாராகும்வரை வேறு படங்களின் இசையைத் தற்காலிகமாகப் போட்டு வைப்பார்கள். ஆங்கிலப் பட உலகில் இதற்கு டெம்ப் டிராக் என்று பெயர். மாதக்கணக்கில் அதையே கேட்டு இயக்குநரின் காது அதற்குப் பழகிவிடும். 'டை ஹார்ட்' படத்தின் கடைசிக் காட்சிகளில், 'ஏலியன்ஸ்' படத்துக்காக ஜேம்ஸ் ஹார்னர் எழுதிய ஒரு பகுதி அப்படியே நின்றுவிட்டது. கேமன் அளவுக்குப் பெயர் பெற்றவருக்கே இந்த நிலை. தற்காலிக இசையைப் பார்த்து எழுதுவதுதான் இத்துறையில் மிக அதிகமாக நடக்கும் தவறு. மிகச் சோர்வூட்டுவதும் அதுவே. அதை ஒருமுறை கேளுங்கள். அதில் எது பிடித்திருக்கிறது, வேகமா, கனமா, அல்லது அந்த வாத்தியத்தின் நிறமா என்று இயக்குநரிடம் கேளுங்கள். பிறகு அந்தக் கோப்பைத் திறக்காதீர்கள்.

தாளத்தைப் பற்றிச் சுருக்கமாக. எல்லாவற்றையும் நான்கு எண்ணிக்கையிலேயே எழுதினால், அடுத்த அடி எங்கே விழும் என்று பார்வையாளரின் உடல் அறிந்துகொள்கிறது, பதற்றம் வடிந்துவிடுகிறது. ஷிஃப்ரின் 1966இல் 'மிஷன்: இம்பாசிபிள்' தொலைக்காட்சித் தொடருக்கு ஐந்து எண்ணிக்கையில் எழுதிய மெட்டு இன்றும் நம்மை நாற்காலியின் நுனிக்கு இழுக்கிறது. ஐந்து எண்ணிக்கை கொண்ட கண்ட நடையில் ஊறிய நம் காதுகளுக்கு இது விளங்காத விஷயமல்ல.

ஒவ்வொரு குத்துக்கும் டிம்பனி, ஒவ்வொரு ஷாட் மாற்றத்துக்கும் ஒரு டிரம்பெட் வெட்டு என்று எழுதுவது கார்ட்டூனுக்குப் பொருந்தும், சண்டைக்குப் பொருந்தாது. காட்சியில் தவறவிடக்கூடாத இரண்டு மூன்று இடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில், நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டுக்குச் சரியாக 12 ஃபிரேம். இந்தக் கணக்கை வைத்து, அந்த இடங்களில் தட்டு தானாக வந்து விழும்படி வேகத்தை அமைத்துக்கொண்டால் நடுவில் இசைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். 1982இல் 'இ.டி.' படத்தின் இறுதிச் சைக்கிள் துரத்தலுக்கு, திரையைப் பார்த்தபடி நடத்திய பதிவுகள் ஜான் வில்லியம்ஸுக்குத் திருப்தி தரவில்லை. ஸ்பீல்பெர்க் திரையை அணைத்துவிட்டு, கச்சேரியில் நடத்துவதுபோல நடத்தச் சொன்னார். பிறகு இசைக்கு ஏற்பப் படத்தை வெட்டி ஒட்டினார். அப்படி ஒரு இயக்குநர் எல்லோருக்கும் அமைய மாட்டார். ஆனால் அந்தக் காட்சியின் இசையில் இருக்கும் தடையற்ற ஓட்டத்துக்கு ஆசைப்படலாம்.

இனி, இன்றைய தலைமுறைக்கே உரிய தவறு. கணினியில் இருக்கும் ஹார்ன் மூச்சு வாங்காது. மேல் ஸ்தாயியில் பத்து நிமிடம் உச்ச பலத்தில் வைத்தாலும் சளைக்காது. மனிதரின் உதடு சதையால் ஆனது. ஐந்தாவது டேக்கில் சுருதி சரியத் தொடங்கும்; வாசிப்பவர் மீது தவறில்லை. மெட்டை ஹார்னிடமிருந்து டிரம்போனுக்கு, அங்கிருந்து தந்திகளுக்குக் கைமாற்றிக்கொண்டே போங்கள். யாராவது ஒருவர் ஓய்வில் இருக்கட்டும். கீபோர்டில் விரல் தாவும் வேக சுரங்கள் வயலினில் தந்திவிட்டுத் தந்தி பாய வேண்டியவையாக இருக்கலாம். அவற்றை முதல் வயலின்களுக்கும் இரண்டாம் வயலின்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தால் கேட்பவருக்கு ஒரே ஓட்டமாகத்தான் தெரியும். பித்தளை வாத்தியங்கள் முழங்கும்போது கீழ் ஸ்தாயிப் புல்லாங்குழலைக் கணினியில் வேண்டுமானால் ஒலி கூட்டி உயர்த்தலாம். பதிவுக் கூடத்தில் அது கேட்கவே கேட்காது. இத்தனையும் அறிந்த ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் 'டோட்டல் ரீகால்' (1990) இசைகூட, முதலில் ம்யூனிக்கில் பதிவு தொடங்கி, வாசிப்பதற்கு மிகக் கடினமாக இருந்ததால் லண்டனுக்கு மாற்றப்பட்டது. அவருக்கு மாற்ற முடிந்தது. நமக்கு மூன்று மணி நேரப் பதிவு அமர்வு ஒன்றுதான் கிடைக்கும்.

கடைசியாகக் காகித வேலை. இரண்டு வயலின் கலைஞர்கள் ஒரே ஸ்டாண்டைப் பகிர்ந்துகொள்வார்கள். பக்கம் திருப்ப ஒருவர் வாசிப்பதை நிறுத்தியாக வேண்டும். வேகமான பகுதியின் நடுவே பக்கம் முடிந்தால் அந்தக் கணத்தில் வயலின்களின் பாதி பலம் போய்விடும், தாள் சரசரப்பது மைக்கிலும் ஏறும். பக்கத்தின் கடைசி வரியில் சில தட்டுகள் ஓய்வு வருமாறு, கலைஞர்களுக்கான இசைத் தாள்களைப் பிரதியெடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.