நன்னடத்தை அலுவலகத்தில் குற்றத் தரவை எப்படிக் கையாள்வது

முதலில் கேள்வியை எழுதுங்கள், எக்செல்லைத் திறப்பது அப்புறம். எத்தனை பேர் மறுபடி குற்றம் செய்தார்கள் என்று கேட்டால், மறுபடி என்பது கைதா, வழக்குப் பதிவா, தண்டனையா? மூன்றும் மூன்று விடை தரும். 1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 4ஆம் பிரிவில், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கப்படுகிறவரின் பிணைக்காலம் அதிகபட்சம் 3 ஆண்டு, அது ஆளுக்கு ஆள் மாறும், அதனால் எல்லோரையும் விடுவித்த நாளிலிருந்து ஒரே அளவு காலம், சரி, 12 மாதம் என்று வைத்துக்கொண்டு பாருங்கள். நேற்று வந்தவரையும் 2 ஆண்டு முடித்தவரையும் ஒரே சதவீதத்தில் போட்டால் கணக்கு தப்பாகிவிடும்.

பெரிய தலைவலி சட்டப் பிரிவுகள். 2024 ஜூலை 1க்கு முன் நடந்த திருட்டு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் (இ.பி.கோ.) 379, அதற்குப் பின் நடந்தது அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 303(2). பிரிவு எண்ணை மட்டும் வைத்து எண்ணினால் திருட்டே ஒழிந்துவிட்டதுபோல் தெரியும்! குற்ற வகைக்குத் தனி நெடுவரிசை போடுங்கள், பழைய எண்ணையும் அழிக்காதீர்கள்.

தேசிய குற்ற ஆவணக் காப்பக எண்களோடு ஒப்பிடும்போது கவனம்: ஒரு எஃப்ஐஆரில் பல குற்றங்கள் இருந்தாலும் முதன்மையான ஒன்றைத்தான் அங்கே கணக்கில் எடுக்கிறார்கள்.

திருந்தி வேலைக்குப் போகும் ஒருவரின் பிழைப்பு ஒரே ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டில் போய்விடும், அதனால் ஆய்வுக் கோப்பில் பெயர், முகவரி வேண்டாம், அடையாள எண் போதும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் வேறிடத்தில் பூட்டில் இருக்கட்டும்.