சாக்லேட் பானத்தில் கிரீமருக்குப் பதில் பால் மாவு

சூடான சாக்லேட்டுக்கு டின் கிரீமரை விட்டுவிட்டு, 30 கிராம் கொழுப்பு நீக்கிய பால் மாவு போடுங்கள். ஒரு கோப்பையில் ஏறக்குறைய 10 கிராம் புரதம் கிடைத்துவிடும். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் மளிகைக் கடைகளில் ‘சூசு’ (மலாயில் பால்) என்று நாம் வாங்கும் டின்களில் பல, பாமாயில் சேர்த்த இனிப்புக் கிரீமர்தான். சீனி அதிகம், புரதம் சொற்பம். லேபிளில் ‘கிரிமர்’ (krimer, மலாயில் கிரீமர்) என்று இருக்கிறதா பாருங்கள்.

மாவையும் ஒரு கரண்டி கொக்கோவையும் முதலில் ஆறிய தண்ணீரில் வழவழவென்று குழைத்து, அப்புறம் சுடுநீர் ஊற்றுங்கள். கொதிநீரை நேராக ஊற்றினால் மாவின் வெளிப்பக்கம் பசையாகி, உள்ளே காய்ந்த உருண்டை நின்றுவிடும்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது சரிவராது. சீனி போடாத சோயா பாலைச் சூடாக்கி, அதில் கொக்கோ கலக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.