பேஸ் கிட்டாரில் கார்ட் பயிற்சி: வேகத்தைக் கெடுக்கும் பழக்கங்கள்

வேகம் வேண்டும் என்று உட்காருபவர்கள் பலர் முதல் நாளே மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 120 தட்டில் வைத்துவிடுகிறார்கள். விரல் எப்படியோ ஓடிவிடும், கூடவே தப்பும் கையில் படிந்துவிடும். 60-இல் தொடங்குங்கள். நாலு முறை பிசிறில்லாமல் வந்தால் 64.

எனக்கு இதைவிடப் பெரிய தவறாகப் படுவது, சுரத்தை நிறுத்தப் பழகாதது. சி மேஜர் கார்டை எடுத்துக்கொள்வோம்: சி, ஈ, ஜி என்ற மூன்று சுரங்கள் சேர்ந்தது, இங்கே ஒவ்வொன்றாக வாசிக்கிறோம். ஏ கம்பியில் 3-ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டம்) நடுவிரலால் சி, அப்புறம் டி கம்பியில் 2-ஆம் ஃப்ரெட்டில் சுட்டுவிரலால் ஈ. நடுவிரல் அழுத்தியபடியே இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். அவ்வளவு கீழ் ஸ்தாயியில் அது கலங்கலாகத்தான் கேட்கும். சட்டென்று விரலைத் தூக்கினாலோ, திறந்த ஏ கம்பி முனகும். அழுத்தத்தை மட்டும் தளர்த்திவிட்டு, விரல் கம்பியைத் தொட்டபடி இருக்கட்டும். போனில் பதிவு செய்து கேளுங்கள். வாசிக்கும்போது காதில் விழாத இரைச்சல் அதில் அப்படியே இருக்கும்.

சரி, கார்ட் மாறும்போது? சி முடிந்து எஃப் வந்ததும் ஈ கம்பியின் முதல் ஃப்ரெட்டுக்குத் தாவி, ரூட்டிலிருந்தே (கார்டுக்குப் பெயர் தரும் சுரம்) ஆரம்பிப்பது பலருக்கும் உள்ள பழக்கம். நேரம் வீணாவது அந்தத் தாவலில்தான். சி, ஈ, ஜி என்று ஏறி, டி கம்பியின் 5-ஆம் ஃப்ரெட்டில் சுண்டுவிரல் நிற்கிறது. எஃப் கார்டின் ஏ சுரம் ஜி கம்பியின் 2-ஆம் ஃப்ரெட்டில், சுட்டுவிரலுக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கிருந்து டி கம்பி 3-இல் எஃப், ஏ கம்பி 3-இல் சி என இறங்கலாம். கையை நகர்த்தவே வேண்டாம். இந்த ஒன்றை ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள், ஃப்ரெட்போர்டே வேறு மாதிரி தெரியும்.

மூன்று சுரங்களையும் ஒரே நேரத்தில் மீட்ட ஆசை இருந்தால், கீழ் ஸ்தாயியில் நெருக்கமாகப் பிடிக்காதீர்கள். ஈ கம்பி 8-இல் சி, ஜி கம்பி 9-இல் ஈ: இந்த இரண்டே போதும், மேஜர் என்று தெளிவாகத் தெரியும்.

வலது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி வரட்டும். இடது கையில் ஃப்ரெட்டின் உலோகக் கோட்டுக்கு ஒட்டிப் பின்னால் அழுத்தினால் பாதி பலம் மிச்சம். அப்படியும் மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு பேஸைக் கீழே வைத்துவிடுங்கள்.