இந்தியாவுக்கு ஒரு வாரம் போகிறவர்கள் டேட்டாவில் காசை விடும் இடங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணங்களில் ஒரே பேச்சுதான். திருச்சிக்கு டிக்கெட் போட்டாச்சு, கோயில் சுற்றுலாவுக்குப் பேர் கொடுத்தாச்சு, போனுக்கு என்ன செய்வது? ரோமிங்கை, அதாவது நம் சிம் வெளிநாட்டிலும் ஓடுகிற சேவையை, அடைக்க மறப்பது, சார்ஜரை விட்டுவிட்டுப் போவது எல்லாம் இங்கே வேண்டாம். விவரம் தெரிந்தவர்களே விழுகிற குழிகளை மட்டும் பார்ப்போம்.

ஒரு நாள் என்றால் எந்த நாள்?

ரோமிங் பாஸ் வாங்குகிறவர் விலையைப் பார்ப்பார், எத்தனை ஜிபி என்று பார்ப்பார். நாள் எப்போது முடிகிறது என்று கேட்கவே மாட்டார். இதில் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று, போட்ட நிமிடத்திலிருந்து 24 மணி நேரம். மற்றது தேதிக் கணக்கு: காலை ஆறுக்குப் போட்டாலும் இரவு பத்துக்குப் போட்டாலும் மலேசிய நேரம் 11.59க்கு முடிந்துவிடும். இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். ஆக, தேதிக் கணக்குப் பாஸ் அங்கே இரவு 9.29க்கே தீர்ந்துபோகும்.

வெள்ளிக்கிழமை இரவு 8.30 விமானம் என்று வைத்துக்கொள்வோம். வேனில் வந்த கூட்டம் கேஎல்ஐஏ விமான நிலையத்தில் பெட்டிகளைப் போட்டுவிட்டு உட்காரும். "இங்கேயே பாஸைப் போட்டுடுங்க, இறங்கினதும் லைன் கிடைக்கும்" என்று குழுவில் ஒருவர் சொல்வார். ஏழு மணிக்கு எல்லாரும் போட்டுவிடுவார்கள். நாலு மணி நேரப் பறப்புக்குப் பிறகு திருச்சியில் இரவு 10. மலேசியாவிலோ சனிக்கிழமை 12.30. வெள்ளிக்கிழமைப் பாஸ் வானத்திலேயே போய்விட்டது, ஒரு எம்பி கூடச் செலவாகாமல். சித்தப்பா வாசலில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று வாட்சப்பைத் திறந்தால் அடுத்த பாஸ் ஏறும்.

திரும்பும்போதும் இதே கூத்து. புதன்கிழமை இரவு 11 மணி விமானத்துக்காகத் திருச்சியில் காத்திருக்கும்போது, 9.40க்கு ஒரு படம் அனுப்பினால் மலேசியக் கணக்கில் அது வியாழக்கிழமை. சனி முதல் புதன் வரை ஐந்து பாஸ் போதுமான பயணத்துக்கு ஏழு பாஸ் காசு. நான்கு பேர் குடும்பம் என்றால் எட்டு பாஸ் வீண். இதைத் தெளிவாக எழுதி வைத்தால்தான் என்ன? திட்டத்தின் அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற எழுத்தில்தான் போடுகிறார்கள்.

தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் பாஸ் இன்னும் மோசம். நீங்கள் போனைத் தொடவே வேண்டாம். சட்டைப் பையில் இருந்தபடியே அது கோபுரப் படங்களை பேக்கப் செய்யத் தொடங்கினால் போதும், புது நாள் கணக்கில் ஏறிவிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வாங்குமுன் விதிமுறையில் "24 அவர்ஸ்" என்று இருக்கிறதா, "11.59 பிஎம்" என்று இருக்கிறதா என்று தேடுங்கள். கவுண்டரில் கேட்டு, "ஒரு நாள்தான் அண்ணே" என்று பதில் வந்தால் விடாதீர்கள். எத்தனை மணிக்கு முடியும், எந்த நாட்டு மணி என்று கேளுங்கள். தேதிக் கணக்கு என்றால் இறங்கிய பிறகே போடுங்கள். அங்கே இரவு 9.25க்கு டேட்டா ரோமிங்கை அடைத்துவிட்டு ஓட்டல் வைஃபைக்கு மாறுங்கள். விமான நிலைய வைஃபையை நம்ப வேண்டாம். ஓடிபி கேட்கும், அது நம் எண்ணுக்கு வந்து சேரும் என்று உறுதியில்லை.

இ-சிம்

அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றுகிற சிம் இது. *#06# அடித்தால் இஐடி என்று நீண்ட எண் வரவேண்டும். வராவிட்டால் அந்தப் போனில் இ-சிம் போடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

இ-சிம்மை ஏற்றுவதற்கான கியூஆர் குறியீடு அதே போனுக்கு வந்தால் எதை வைத்து ஸ்கேன் செய்வது? இன்னொரு போனுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள், அல்லது அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வைஃபையிலேயே ஏற்றிவிடுங்கள். ஆனால் நாள் கணக்கு ஏற்றியதும் தொடங்குமா, அங்கே லைன் பிடித்ததும் தொடங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். ஏற்றியதை அழிக்காதீர்கள், பல குறியீடுகள் ஒரு முறைக்கு மேல் வேலை செய்யாது.

"ரோமிங்கை அடை" என்ற அறிவுரையைக் கேட்டு இ-சிம்முக்கும் அடைத்துவிட்டு, நெட் வரவில்லை என்பவர்கள் அதிகம். இ-சிம்முக்கு டேட்டா ரோமிங் திறந்திருக்க வேண்டும், மலேசிய சிம்முக்கு அடைத்திருக்க வேண்டும். ஐபோனில் "அலோவ் செல்லுலார் டேட்டா சுவிட்சிங்" என்று ஒன்று இருக்கும், அதையும் அடையுங்கள். இல்லாவிட்டால் இ-சிம் லைன் தளர்ந்ததும் போன் மலேசிய சிம்மைத் தேடிப் போகும்.

அன்லிமிடெட்

முழு வேகம் எத்தனை ஜிபி வரை என்று பாருங்கள். அதற்கு மேல் 128 கேபிபிஎஸ் என்றால் வாட்சப்பில் எழுத்து மட்டும்தான் போகும். மேப் திறப்பதற்குள் ஆட்டோ வீட்டுக்கே வந்துவிடும். வாட்சப் வீடியோ கால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 300 எம்பி தின்னும்.

ஏசியா பாஸ்

பல ஆசிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே பாஸ். அந்தப் பட்டியலில் இந்தியா இருக்கிறதா?

அங்கே போய் சிம் வாங்கிக்கொள்ளலாம்

பாஸ்போர்ட், விசா, படம், உள்ளூர்க்காரர் ஒருவரின் எண் எல்லாம் கேட்பார்கள். லைன் திறக்கச் சில மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். மூன்று நாள் கல்யாணத்துக்கு இந்த அலைச்சல் தேவையில்லை. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. பாட்டியின் பழைய பட்டன் போனுக்கு அந்த சிம் ஆகாது.

எடுக்காத அழைப்புக்கும் பில்

ரோமிங்கில் அழைப்பை எடுத்தால் காசு என்பது பலருக்குத் தெரியும். எடுக்காமல் விட்டாலும் உண்டு. மண்டோர் கூப்பிடுகிறார், நீங்கள் எடுக்கவில்லை, அழைப்பு வாய்ஸ் மெயிலுக்குப் போகிறது. அது இந்தியா வரை வந்து மறுபடி மலேசியாவுக்குத் திரும்புவதால் இரண்டு வழிக்கும் கட்டணம் விழலாம். கிளம்புமுன் ##002# அடித்தால் வாய்ஸ் மெயிலுக்கோ வேறு எண்ணுக்கோ போகிற எல்லா அழைப்புத் திருப்பல்களும் ரத்தாகும்.

மலேசிய சிம்மைக் கழற்றுவது

வேண்டாம். 2022 செப்டம்பரில் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்த பிறகு வங்கிகள் எஸ்எம்எஸ் டாக்கை, அதாவது பணம் அனுப்பும்போது வரும் உறுதி எண்ணை, விட்டு ஆப்புக்கு மாறின என்றாலும், சில உறுதி எண்கள் இன்னும் எஸ்எம்எஸ்ஸில்தான் வருகின்றன. ரோமிங்கில் எஸ்எம்எஸ் வாங்குவதற்குப் பொதுவாகக் காசில்லை. பிரிபெய்டு வைத்திருப்பவர்கள் ரோமிங் சேவையை ஊரிலேயே திறந்து, சிம் காலாவதித் தேதியையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.