செல்போனைப் பார்த்துச் சிலம்பமும் கராத்தேயும் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை பக்கம் விடிகாலையில் மாடிகளை நோட்டம் விட்டால், தண்ணீர்த் தொட்டியில் செல்போனைச் சாத்தி வைத்துக் கம்பு சுற்றும் பையன் ஒருவனாவது கண்ணில் படுவான். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊர் ஆசான் கோயில் கொடைத் திருவிழா சமயத்தில்தான் கைக்குக் கிடைப்பார். கிளாஸ் நடக்கிற நேரத்துக்கு டியூஷன் இருக்கும், இல்லையென்றால் கடை வேலை இருக்கும். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்த பிறகு, 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்ற பிறகு, ஆர்வமும் கூடியிருக்கிறது. சரி, பழகட்டும். ஆனால் ஆசான் செய்கிற வேலையில் பாதி சொல்லித் தருவது, மறுபாதி நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பது. முதல் பாதியை வீடியோ ஓரளவு செய்துவிடும். தனியாகப் பழகுகிறவர்களின் தவறுகள் பெரும்பாலும் அந்த இரண்டாம் பாதி இல்லாததால் வருகிறவை.

முதலில் கண்ணைச் சொல்ல வேண்டும். போன் தரையிலோ திண்டிலோ இருக்கும். பையன் கழுத்தைக் குனிந்து அதைப் பார்த்தபடியே கம்பைச் சுழற்றுவான். தலை முன்னால் சாய்ந்தால் தோளும் கூடவே சாயும். தோள் சாய்ந்தால் கம்பு சுற்றும் வட்டமும் கோணும். முன்முனை நன்றாகப் போவதுபோல் தெரியும், பின்முனை வந்து காது மடலில் அடிக்கும். ‘எனக்குக் கை வரவில்லை’ என்று அவன் நினைத்துக்கொள்வான், ஆனால் கோளாறு கழுத்தில் இருக்கிறது. வீடியோவை முதலில் உட்கார்ந்து, பாதி வேகத்தில், இரண்டு மூன்று முறை பாருங்கள். அப்புறம் போனை மூடிவிட்டு எழுந்து செய்யுங்கள். மறந்துபோனால் கம்பைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பார்ப்பதும் செய்வதும் ஒரே நேரத்தில் வேண்டாம்.

இதோடு ஒட்டியது இடம் வலம் குழப்பம். எதிரே நின்று ஆடிக் காட்டுகிறவரின் வலது கை உங்களுக்கு இடப்பக்கம் தெரியும். அப்படியே பார்த்து ஆடினால் வரிசை முழுவதும் தலைகீழாகப் பதிந்துவிடும், பின்னால் திருத்துவது பெரிய பாடு. முதுகுப் பக்கமிருந்து எடுத்த வீடியோவாகத் தேடுங்கள்.

அடுத்தது காலடி. எந்த ஆசானிடம் போனாலும் ஆரம்பத்தில் கம்பை லேசில் கையில் கொடுக்க மாட்டார். காலை மாற்றி மாற்றி வைக்கச் சொல்லியே படுத்தி எடுப்பார். “ஏல, கம்ப விடுல, மொதல்ல கால ஒழுங்கா வையி” என்று அதட்டல் வேறு. வீடியோ உலகத்தில் இதற்கு மதிப்பு கிடையாது. காலடி வரிசையை யாரும் ஷேர் செய்வதில்லை, ரெட்டைக் கம்பு வீச்சுக்குத்தான் லைக் குவியும். அதனால் நின்ற இடத்திலேயே நின்று பிரமாதமாகச் சுழற்றுகிறவர்கள் நிறையப் பேர் உருவாகிவிட்டார்கள். எதிரே ஒருவர் கம்போடு வந்து நின்றால் முன்னேயும் போகத் தெரியாது, பின்னேயும் வரத் தெரியாது. வீச்சு கற்பதற்கு முன்னால் சில வாரங்களாவது காலடிக்குக் கொடுங்கள். இடக்கைக்கும் வலக்கைக்குச் சமமான நேரம் ஒதுக்குங்கள், கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில் முதலில் விட்டுப்போவது அதுதான்.

கம்பு விஷயத்தில் இரண்டே பேச்சு. நிமிர்ந்து நின்றால் நெற்றிப்பொட்டு உயரத்துக்கு வருகிற பிரம்பு அல்லது மூங்கில் போதும். பிளம்பிங் பைப்பை வைத்துப் பழகினால் எடை கைக்குப் பிடிபடாது. தினமும் எடுத்தவுடன் ஒரு பழைய துணியால் கம்பை முழுக்கத் துடையுங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே சிலாம்பு கிளம்பியிருக்கிறது அல்லது விரிசல் விட்டிருக்கிறது.

கராத்தே, டேக்வாண்டோ பழகுகிறவர்களுக்கு ஆபத்து முழங்காலில் இருக்கிறது. மாவாஷி கெரி என்கிற வட்ட உதையை எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோவில் எல்லார் கண்ணும் உதைக்கிற காலில்தான் இருக்கும். பார்க்க வேண்டியது ஊன்றிய காலை. உதைக்கிற கால் சுற்றி வரும்போது ஊன்றிய பாதம் முன்பந்தில், அதாவது விரல்களுக்குப் பின்னால் இருக்கும் சதைப் பகுதியில், திரும்பி, குதிகால் இலக்குப் பக்கம் வர வேண்டும். இடுப்பு திரும்பி, பாதம் மட்டும் சிமெண்டுத் தரையில் ஒட்டிக்கொண்டு நின்றால், அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் போய் இறங்கும். உள்ளே இருக்கும் தசைநார் கிழிவது இப்படித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு, உதையே இல்லாமல், பாதம் திரும்புவதையும் முழங்கால் உயர்வதையும் மட்டும் முதலில் பழகுங்கள். உயரமாக உதைப்பது பிறகு தானாக வரும்.

குத்து விடும்போது கட்டைவிரலை முஷ்டிக்குள் மடக்காதீர்கள். அது விரல்களுக்கு வெளியே, கீழ்ப்பக்கமாக இருக்க வேண்டும். மணிக்கட்டு மடங்காமல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முட்டியும் படுகிற மாதிரி குத்த வேண்டும். சுண்டுவிரல் பக்கம் பட்டால் அங்கேயிருக்கும் கையெலும்பு எளிதில் உடையும். கை உரமேற வேண்டும் என்று சுவரில் குத்துகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல, விட்டுவிடுங்கள்.

நான்கைந்து சேனல்களைக் கலந்து பார்ப்பது இன்னொரு தொல்லை. கராத்தேயில் ஷோட்டோகான் பிரிவினர் ஹெயான் ஷோடான் என்று ஆடுகிற கட்டாவைத்தான் (கட்டா என்றால் வரிசையாகச் செய்கிற அசைவுத் தொகுப்பு) ஷிட்டோ ரியூ, வாடோ ரியூ பிரிவினர் பினான் நிடான் என்கிறார்கள். ஷோட்டோகானை உருவாக்கிய ஃபுனகோஷி முதல் இரண்டு கட்டாக்களின் வரிசையை மாற்றி வைத்ததால் வந்த வித்தியாசம் இது. நிற்கும் நிலையும் மாறும், ஷோட்டோகானில் காலை அகட்டித் தாழ்ந்து நிற்பார்கள், வாடோவில் நிமிர்ந்து நிற்பார்கள். டேக்வாண்டோவிலும் அப்படித்தான். ஒலிம்பிக் வழிக்காரர்கள் கருப்பு பெல்டுக்கு முன்னால் டேகுக் வரிசை எட்டைக் கற்கிறார்கள், ஐடிஎஃப் என்கிற இன்னொரு டேக்வாண்டோ கூட்டமைப்பின் வழியில் கருப்பு பெல்டுக்குப் பிறகு வருவதையும் சேர்த்து மொத்தம் வேறு 24 வரிசைகள். சிலம்பத்திலோ ஊருக்கு ஊர் பாணி மாறும். நாளைக்கு எந்த கிளாஸில் சேர வாய்ப்பிருக்கிறது என்று பார்த்து, அந்தப் பாணியில் ஒரே ஆசிரியரின் வீடியோவோடு நில்லுங்கள்.

வீடியோவைப் பார்த்துச் செய்யவே கூடாதவை சில உண்டு. தென்மாவட்டத்துக்காரர்களுக்கு வர்மம் என்றாலே ஒரு கிறுகிறுப்பு. உடம்பில் படுவர்மப் புள்ளிகள் 12, தொடுவர்மப் புள்ளிகள் 96 என்று படம் போட்டு விளக்குகிறவர்கள் கூடிவிட்டார்கள். தம்பியின் கழுத்தில் அழுத்திச் சோதிப்பது விளையாட்டல்ல. கழுத்தை நெரித்து மயக்கம் வரவைக்கும் பிடிகளும் அப்படியே, மூளைக்குப் போகிற ரத்தம் சில நொடிகள் நின்றாலே ஆள் சாய்ந்துவிடுவான். ஜூடோ வீசுதல்களும் வேண்டாம். அங்கே முதலில் பழக்குவது விழுகிற முறையைத்தான், அதுவும் மெத்தை விரிப்பில். சுருள்வாளைத் தொடவே வேண்டாம், வளைந்து திரும்பும் தகடு சுற்றுகிறவனையே முதலில் வெட்டும். அரிவாளோடு ரீல்ஸ் போட்டு வழக்கில் மாட்டிக்கொண்ட பையன்களின் செய்தி நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை.

இடத்தையும் காலத்தையும் பாருங்கள். மாடியென்றால் மின்கம்பி எவ்வளவு தூரத்தில் போகிறது, கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று பார்த்துவிட்டுக் கம்பை எடுங்கள். ஆடிக் காற்றில் வீச்சு பழக வேண்டாம். தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் மாடித் தரை பாசி பிடித்து வழுக்கும். கத்திரி வெயிலில் காலை ஏழு மணிக்கு மேல் ஆடினால் தலைசுற்றல்தான் மிச்சம். வாய்க்கால் கரையிலோ தோட்டத்திலோ சமமான மண் தரை கிடைத்தால் சிமெண்டை விட முழங்காலுக்கு அது எவ்வளவோ மேல்.

அடிபட்டால் உடனே எண்ணெய் போட்டு நீவிவிடுவது வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். சுளுக்கிய மூட்டை முதல் இரண்டு நாள் நீவவும் கூடாது, வெந்நீர் ஒத்தடமும் கூடாது. துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, காலை உயர்த்தி, ஓய்வு கொடுங்கள். ‘டக்’கென்று சத்தம் கேட்டு முழங்கால் வீங்கினாலோ, காலை ஊன்ற முடியாவிட்டாலோ பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி எலும்புப் பிரிவுக்குப் போய்விடுங்கள். தலையில் கம்படி பட்டு வாந்தியோ மயக்கமோ வந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

ஆன்லைனில் பணம் கட்டினால் ஆறு மாதத்தில் கருப்பு பெல்ட் கூரியரில் வரும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒதுக்கீட்டுக்கோ காலேஜ் சேர்க்கைக்கோ அந்தக் காகிதம் உதவும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

பார்க்க ஆளில்லாத குறையை ஓரளவு சரிக்கட்ட ஒரு வழி உண்டு. வாரம் ஒருமுறை, ஒரே வரிசையை, முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டிலிருந்து ஒன்று என இரண்டு வீடியோ எடுங்கள். பாதம் ஃபிரேமுக்குள் வருகிற மாதிரி போனை வையுங்கள். மாதம் ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு, தெரிந்த ஆசான் ஒருவரிடம் போய், “ஆசானே, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்று கேளுங்கள். யாரையும் தெரியாது என்றால் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரிக்கலாம், ஊர்க் கொடையில் கம்பு ஆடுகிறவர்களிடமும் கேட்கலாம். முதல் தடவை அவர் வீடியோவைப் பாதியிலேயே நிறுத்தி, காலைத்தான் சுட்டிக்காட்டுவார்.