வோல்வோ 240 வேகனுக்கு வீட்டுக் கராஜிலேயே சூப்பர்சார்ஜர்: படிப்படியாக

இந்தச் செய்முறை 1989 முதல் 1993 வரை வட அமெரிக்காவில் விற்ற வோல்வோ 240 வேகனுக்கு. உள்ளே இருப்பது பி230எஃப் என்ஜின்: 2316 சி.சி., கம்ப்ரஷன் விகிதம் 9.8, எல்ஹெச் 2.4 என்ற கம்ப்யூட்டர் இன்ஜெக்‌ஷன், 114 குதிரைத்திறன். குடும்பத்தையும் பின்னால் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை மேட்டில் ஏறினால் அந்த 114 எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். சூப்பர்சார்ஜர் என்பது என்ஜின் பெல்ட்டால் சுற்றி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி. அதை வைத்து 0.35 முதல் 0.4 பார் வரை பூஸ்ட் (வெளிக்காற்றைவிடக் கூடுதல் அழுத்தம்) கொடுத்தால் 140-ஐ ஒட்டி எதிர்பார்க்கலாம். 1500 ஆர்.பி.எம்-மிலேயே இழுவை தெரியும்.

காசுக்கு அதிகக் குதிரை வேண்டுமென்றால் வோல்வோ 740 டர்போவின் பாகங்களைப் போடுங்கள், அதுதான் மலிவு. கீழ் ஆர்.பி.எம்-மில் உடனடி இழுவை வேண்டும் என்பவர்கள் மட்டும் மேலே படியுங்கள். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாம் கழற்றி மாட்டத் தெரிந்தவர் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

படி 1: என்ஜின் இதற்குத் தாங்குமா?

என்ஜின் சூடாக இருக்கும்போது த்ராட்டிலை (காற்று உள்ளே போகும் கதவு) முழுக்கத் திறந்துவைத்து, நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அழுத்தம் பாருங்கள். ஒன்றுக்கொன்று 1 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். 1990-க்கு முந்தைய பி230-களில் கனெக்டிங் ராடு மெல்லியது, 9 மி.மீ. பின்னர் வந்தவற்றில் 13 மி.மீ. மெல்லிய ராடு உள்ள என்ஜினில் 0.35 பாரைத் தாண்டும் ஆசையே வேண்டாம்.

அடுத்து கிராங்க் புல்லி. இது ஒரே வார்ப்பு அல்ல. நடு ஹப்புக்கும் வெளி வளையத்துக்கும் இடையில் ரப்பர் இருக்கிறது. வயதானால் ரப்பர் பிடிவிட்டு வெளி வளையம் மட்டும் நழுவும். ஹப், ரப்பர், வளையம் மூன்றின் மீதும் குறுக்காக வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். கோடு நேராக இருந்தால் சரி. உடைந்து இரண்டு துண்டாகத் தெரிந்தால் புல்லியை மாற்றுங்கள். ப்ளோயர் (சூப்பர்சார்ஜர்) இழுக்கும் சுமை புதிதாகச் சேரப்போகும் இடம் இது.

படி 2: எந்த ப்ளோயர்

ஈட்டன் எம்62. ஒரு சுற்றுக்கு 62 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 1 லிட்டர் காற்றைத் தள்ளும். எம்45 இந்த என்ஜினுக்குச் சின்னது, ரொம்ப வேகமாகச் சுற்றவேண்டி வரும். எம்90 இடத்தை அடைக்கும். எம்62-களிலும் 1990-களின் கடைசியில் வந்த மெர்சிடிஸ் எஸ்எல்கே 230 கம்ப்ரஸர் காரில் இருந்து கழற்றியதைத் தேடுங்கள். அது இன்டேக் மேனிஃபோல்டோடு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதி) ஒட்டாமல் தனியாக நிற்கும், முன்னால் ஏசி கம்ப்ரஸரில் இருப்பதுபோல மின்காந்த கிளட்ச்சும் இருக்கும். அந்த கிளட்ச்சின் அருமை முதல் ஸ்டார்ட்டின்போது புரியும்.

வாங்குமுன் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். வழவழவென்று சுற்றவேண்டும். ரோட்டர்கள் ஒன்றையொன்று உரசிய கோடுகள் தெரிந்தால் வேண்டாம். முன்பக்கம் கொஞ்சம் கடகடத்தால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் கப்ளர் தேய்ந்திருக்கும், மாற்றிக்கொள்ளலாம். கியர் பகுதிக்கு என்ஜினிலிருந்து ஆயில் வராது, அதற்கென்று தனி ஆயில். பழையதை வடித்துவிட்டு சூப்பர்சார்ஜருக்கென்றே விற்கும் சிந்தெடிக் ஆயிலை ஊற்றுங்கள். ப்ளோயரைச் சமமாக வைத்து, பிளக் துளையின் கீழ் விளிம்புவரை ஊற்றினால் போதும். அதிகமானால் சீல் வழியே ரோட்டருக்குள் கசியும்.

படி 3: பிராக்கெட்டும் பெல்ட்டும்

ஏசி கம்ப்ரஸர் இருந்த இடத்தில்தான் ப்ளோயர் உட்காரும். முதலில் அட்டையில் வெட்டி மாதிரி பாருங்கள், பிறகு 12 மி.மீ. அலுமினியத் தகடு. 10 மி.மீ. போதும் என்பவர்கள் உண்டு. அது பெல்ட் இழுப்பில் லேசாக வளையும், வளைந்தால் பெல்ட் ஓரம் தின்னும். குறைந்தது மூன்று இடத்தில் பிளாக்கோடு பிணையுங்கள்.

இந்தக் காரின் பழைய பெல்ட்டுகள் எல்லாம் வி வடிவம். ப்ளோயருக்கு அது போதாது. கிராங்க் புல்லிக்கு முன்னால் 6பிகே (ஆறு வரி கொண்ட தட்டை பெல்ட்) வரிப் புல்லி ஒன்றைக் கடைந்து போல்ட் செய்யவேண்டும். லேத் கடையில் கொடுக்கும்போது ஹப்பின் மையத்தோடு மையம் சேரும்படி ஒரு உதடு வைத்துக் கடையச் சொல்லுங்கள். போல்ட்டை மட்டும் நம்பினால் புல்லி ஆடும்.

அளவுக் கணக்கு: கிராங்கில் 140 மி.மீ., ப்ளோயரில் 93 மி.மீ. என்றால் விகிதம் 1.5. என்ஜின் 5800-ல் சுற்றும்போது ப்ளோயர் 8700 சுற்றும். எம்62-இன் எல்லை 14,000, ஆக பயமில்லை. இன்டர்கூலரோடு (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) 0.35 முதல் 0.4 பார் காட்டும். உச்ச வேகத்தில் பெல்ட் மட்டும் 9 குதிரை அளவுக்குத் தின்னும், அது போகத்தான் கையில் மிஞ்சுவது.

டென்ஷனரை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கிராங்க் பெல்ட்டைத் தன் பக்கம் இழுக்கிறது. ஆகவே கிராங்குக்குள் வரும் பக்கம் இறுக்கம், கிராங்கை விட்டுப் போகும் பக்கம் தளர்வு. டென்ஷனர் தளர்ந்த பக்கத்தில். மாற்றி வைத்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ஸ்பிரிங் பின்வாங்கி பெல்ட் வழுக்கும். ப்ளோயர் புல்லியைப் பெல்ட் குறைந்தது 160 டிகிரி சுற்றிப் பிடிக்கவேண்டும். நேர்க்கோட்டைப் பார்க்க லேசர் கருவி வேண்டாம், இரண்டு அடி நீளமுள்ள நல்ல இரும்பு ஸ்கேல் போதும். கிராங்க் நடு போல்ட்டை 60 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, மேலும் 60 டிகிரி திருப்புங்கள்.

படி 4: காற்று வழி

வரிசை இதுதான்: ஏர் ஃபில்ட்டர், ஏர் மாஸ் மீட்டர், த்ராட்டில், ப்ளோயர், இன்டர்கூலர், இன்டேக் மேனிஃபோல்டு. த்ராட்டிலை மேனிஃபோல்டிலிருந்து கழற்றி ப்ளோயரின் வாயில் மாட்டுகிறோம். அதை இருந்த இடத்திலேயே விட்டால் மூடிய கதவை எதிர்த்து ப்ளோயர் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இன்டர்கூலரை விட்டுவிடலாமா என்றால், கூடாது. எம்62 போன்ற ரூட்ஸ் வகை ப்ளோயர் காற்றைச் சூடாக்குவதில் கெட்டிக்காரன். 0.4 பாருக்கே 50, 55 டிகிரி ஏறும். வெளியே 25 டிகிரி என்றால் என்ஜினுக்குள் போவது 80. கம்ப்ரஷன் 9.8 உள்ள என்ஜினில் அது நாக்கிங்குக்கு (பெட்ரோல் கலவை தானாகவே வெடித்து என்ஜினைத் தட்டுவது) நேரடி அழைப்பு. 740 டர்போவின் இன்டர்கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் நன்றாக உட்காரும். த்ராட்டில் முன்னால் இருப்பதால் காலை எடுத்ததும் இந்தக் குழாய்கள் முழுவதும் வேக்யூமில் போகும், சாதாரண ரப்பர் ஹோஸ் சப்பிப்போகும். துணி அடுக்கு வைத்த சிலிக்கான் ஹோஸ், டி-போல்ட் கிளாம்ப். திருகு கிளாம்ப் சிலிக்கானை அறுக்கும்.

பைபாஸ் வால்வு: இங்கேதான் நிறையப் பேருக்கு வாரக்கணக்கில் தலைவலி. லேசாக மிதித்து ஓட்டும்போது ப்ளோயர் தள்ளிய காற்றை அதன் வாய்க்கே திருப்பிவிட ஒரு வழி வேண்டும். டர்போ கார்களில் வரும் டைவர்ட்டர் வால்வை வாங்கி மாட்டிவிட்டு, ஏன் திறக்கவில்லை, ஏன் எந்நேரமும் ஊளைச் சத்தம், ஏன் பெட்ரோல் இப்படிக் குடிக்கிறது என்று தேடுவார்கள். காரணம் எளிது. அந்த வால்வின் டயஃப்ரம் சிக்னல் ஹோஸின் அழுத்தத்தைத் தன் வாயில் இருக்கும் அழுத்தத்தோடுதான் ஒப்பிடுகிறது. டர்போவில் வாயில் பூஸ்ட் இருக்கும். நம் அமைப்பில் காலை எடுத்தால் வாயிலும் வேக்யூம், சிக்னலிலும் வேக்யூம். இரண்டு பக்கமும் சமம் என்றால் டயஃப்ரம் எதற்கு நகர வேண்டும்?

வேண்டியது, வெளிக்காற்றோடு ஒப்பிடும் ஆக்சுவேட்டர். அதாவது தகரக் குடுவை வெளியே தனியாக நின்று, கம்பியால் ஒரு பட்டாம்பூச்சிக் கதவை இழுப்பது. பழைய மினி கூப்பர் எஸ், ஆர்53 காரின் பைபாஸ் வால்வு இந்த வகைதான், தனியாகவும் கிடைக்கும். ஆனால் அது தேய்ந்தால் பாதி மிதிப்பில் கதவு திறந்து மூடி வண்டி முன்னும் பின்னும் ஆடும், ஆகவே பழையது வாங்காதீர்கள். சிக்னல் ஹோஸை த்ராட்டிலுக்கும் ப்ளோயருக்கும் இடையிலிருந்து எடுங்கள். பாதி மிதிப்பில் அங்கே வேக்யூம், கதவு திறக்கும். முழுக்க மிதித்தால் வெளிக்காற்று அழுத்தத்துக்கு வந்து கதவு மூடும். வாயால் ஹோஸை உறிஞ்சிப் பாருங்கள். கம்பி நகர்ந்து, நாக்கால் அடைத்துப் பிடித்தால் அப்படியே நிற்கவேண்டும்.

படி 5: சின்ன ஹோஸ்கள்

பெரிய குழாயைப் பார்த்துப் பார்த்து மாட்டிவிட்டு, விரல் தடிமன் ஹோஸ்களை இருந்தபடியே விட்டுவிடுவதுதான் என்ஜினைக் கெடுக்கும். மேனிஃபோல்டில் இனிமேல் பூஸ்ட் வரும் என்பதை ஒவ்வொரு நிப்பிளிடமும் கேளுங்கள். ஐடில் வால்வின் வெளிவாய், கிராங்க்கேஸ் மூச்சுக் குழாயின் சின்ன ஹோஸ், பெட்ரோல் டேங்க் ஆவி ஹோஸ் மூன்றும் த்ராட்டிலுக்கும் ப்ளோயருக்கும் இடையே மாறவேண்டும். அங்கே பூஸ்ட் ஒருபோதும் வராது. மேனிஃபோல்டில் விட்ட பழைய நிப்பிள்களை ரப்பர் மூடியால் அல்ல, திருகு பிளக்கால் அடையுங்கள்.

மூச்சுக் குழாயை மறந்தால் பூஸ்ட் நேரே கிராங்க்கேஸுக்குள் இறங்கி, பின்பக்க மெயின் சீலைத் தள்ளிவிடும். கியர்பாக்ஸை இறக்காமல் அதை மாற்ற முடியாது. அந்தக் குழாயில் இருக்கும் ஃப்ளேம் ட்ராப் என்ற சின்ன பிளாஸ்டிக் வலை அடைத்திருந்தாலும் இதே கதிதான். அதன் விலை சில டாலர், இப்போதே மாற்றுங்கள். இடையில் ஒரு ஆயில் கேட்ச் கேன் வைத்தால் இன்டர்கூலர் எண்ணெய்க் குளமாகாது.

மேனிஃபோல்டிலேயே இருக்கவேண்டியவை: ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டர், பிரேக் பூஸ்ட்டர், ஹீட்டர் கதவுகளின் வேக்யூம் ஹோஸ், பூஸ்ட் மீட்டர். பிரேக்குக்கும் ஹீட்டருக்கும் ஒருவழி வால்வு வேலை செய்கிறதா என்று ஊதிப் பாருங்கள்.

எல்லாம் மாட்டியபின், மாஸ் மீட்டரைக் கழற்றி அந்த வாயை பிவிசி மூடியால் அடைத்து, அதில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி 0.3 பார் காற்றடித்து சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். மூச்சுக் குழாயைக் கிள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள், த்ராட்டில் திறந்திருக்கட்டும். சிலிண்டர் வழியே மெல்ல இறங்குவது இயல்பு. குமிழி வரும் இடம் இயல்பல்ல.

படி 6: பெட்ரோலும் ஸ்பார்க்கும்

740 டர்போவின் எல்ஹெச் 2.4 கம்ப்யூட்டர், அதற்கு ஜோடியான இக்னிஷன் கம்ப்யூட்டர், அந்தக் காரின் இன்ஜெக்டர்கள். மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். இன்ஜெக்டரை மட்டும் பெரிதாக்கி பழைய கம்ப்யூட்டரை விட்டால் ஐடிலிலேயே புகையும். மாஸ் மீட்டர் மாற வேண்டாம். இன்ஜெக்டர் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள்: 12 முதல் 16 ஓம் என்றால் நேரே மாட்டலாம், 2 அல்லது 3 ஓம் என்றால் அது வேறு வகை, நேரே மாட்டக் கூடாது. பூஸ்ட் ஏற ஏறப் பெட்ரோல் அழுத்தத்தைப் பன்மடங்கு கூட்டும் ரெகுலேட்டர்களை வாங்காதீர்கள், பம்பைக் கொல்வதற்குத்தான் உதவும்.

டேங்குக்குள் ஒரு சின்ன பம்ப், காருக்கு அடியில் பெரிய பம்ப் என இந்தக் காரில் இரண்டு. உள்ளே இருப்பது செத்தாலும் வண்டி ஓடும், யாருக்கும் தெரியாது. பூஸ்ட்டில் மட்டும் பெட்ரோல் பற்றாமல் போகும். பெட்ரோல் மூடியைத் திறந்து காதை வைத்துக் கேளுங்கள்.

பிளக் ஒரு படி குளிர்ந்தது: என்ஜிகே பிபி6இஎஸ் இருந்தால் பிபி7இஎஸ், இடைவெளி 0.7 மி.மீ. நாக் சென்சார் போல்ட் 20 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொடாதீர்கள். அதிகம் இறுக்கினால் சென்சாருக்குக் காது மந்தமாகும். கனடாவில் குறைந்தது 91 ஆக்டேன், கிடைக்கும் இடத்தில் 94.

படி 7: முதல் ஸ்டார்ட்

ப்ளோயர் கிளட்ச்சின் வயரைக் கழற்றிவிடுங்கள். புல்லி மட்டும் சும்மா சுற்றும், என்ஜின் பைபாஸ் வழியே மூச்சுவிடும். ஐடில் சீரானபின் கிளட்ச்சைச் சேருங்கள், ஐடிலில் மட்டும். 3000-ல் சேர்த்தால் பெல்ட் அலறும்.

வைட்பேண்ட் லாம்டா மீட்டர் இல்லாமல் பூஸ்ட்டுக்குப் போகாதீர்கள். அது காட்டும் காற்று-பெட்ரோல் விகிதம் மிதமான ஓட்டத்தில் 14.7-ஐச் சுற்றி, பூஸ்ட்டில் 11.8 முதல் 12.2 வரை. மூன்றாம் கியரில் மூன்று விநாடி மிதித்து விட்டுப் பாருங்கள். 12.8-ஐத் தாண்டினால் உடனே காலை எடுங்கள். அப்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது த்ராட்டில் கேபிள். இடம் மாற்றியதால் முழுக்கத் திறக்காமல் நின்றிருக்கும். முழுத் திறப்பு சுவிட்ச் 'டிக்' என்று விழாவிட்டால் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலைத் தராது. ஒருவரை மிதிக்கச் சொல்லி, நீங்கள் பானெட்டுக்குள் கைவைத்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை: ஆட்டோமேட்டிக் வேகன்காரர்கள் கேட்டதால் இதைச் சேர்க்கிறேன். ஏடபிள்யூ70 கியர்பாக்ஸிலிருந்து த்ராட்டில் உருளைக்கு ஒரு கிக்டவுன் கேபிள் வரும். த்ராட்டிலை நகர்த்தும்போது அதையும் நகர்த்தி, முழு மிதிப்பில் முழுக்க இழுபடும்படி வைக்கவேண்டும். தளர்ந்திருந்தால் கியர்பாக்ஸுக்குள் ஆயில் அழுத்தம் குறைந்து கிளட்ச் தட்டுகள் கருகும். கேபிள் எட்டவில்லை என்று கழற்றித் தொங்கவிட்டு ஓட்டவே கூடாது.

இன்னொன்று: முதல் 100 கி.மீ. ஓடியதும் பெல்ட் ஓரத்தைப் பாருங்கள். கறுப்புத் தூள் தெரிந்தால் வழுக்குகிறது, நூல் பிரிந்தால் புல்லிகள் நேரில் இல்லை. தூளுக்கு டென்ஷனர், நூலுக்கு பிராக்கெட் அடியில் ஷிம் (மெல்லிய தகடு).