குளிரில் ஆர்டீமியா பொரிக்க

நுவரெலியா, ஹட்டன் பக்கம் கப்பி மீன் குஞ்சுகளுக்குத் தீனியாக ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் வகை) முட்டையைப் பொரிக்கப் பார்த்து, இரண்டு நாளாகியும் ஒன்றும் அசையவில்லை என்று சலித்துப்போனவர்கள் உண்டு. பெரும்பாலும் முட்டையில் பிழையில்லை, குளிர்தான் காரணம். அது நன்றாகப் பொரிக்க 25 முதல் 28 பாகை வரை சூடு வேண்டும்.

வழி சுலபம். பழைய சோடா போத்தலில் அரை லீற்றர் தண்ணீரும் 15 கிராம் கல்லுப்பும் கலந்து, கால் தேக்கரண்டி முட்டை போடுங்கள். ஹீட்டர் ஓடும் மீன் தொட்டிக்குள்ளேயே போத்தலைக் கட்டித் தொங்கவிட்டு, காற்றுப் பம்பின் குழாயை அடிவரை இறக்குங்கள். தனி ஹீட்டர் தேவையில்லை. ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். அப்புறம் காற்றை நிறுத்தி, அடியில் டோர்ச் அடித்தால் குஞ்சுகள் வெளிச்சத்துக்கு வரும், கோது மேலே மிதக்கும். மெல்லிய குழாயால் உறிஞ்சி, துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். அன்றைக்கே கொடுப்பது நல்லது. நேரம் போனால் சத்துக் குறையும்.

பெரிய மீனுக்கு மண்புழு போதும். மருந்தடிக்கிற மரக்கறித் தோட்டத்து மண்ணில் மட்டும் தோண்ட வேண்டாம்.

நுளம்புக் குடம்பியை மீன் விரும்பித் தின்னும், சரி. அதற்காக வாளியில் தண்ணீர் தேக்காதீர்கள். டெங்கு ஒருபுறம், நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் இலங்கையின் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும்கூட.